மஞ்சள் விழவில்லை

ஒற்றைக் கலர் ஆப்செட் மெஷினில் நாலு கலர் லேபிள் அடிப்பதென்றால் ஒரே தாள் நாலு தடவை மெஷினுக்குள் போய் வரவேண்டும். முதலில் மஞ்சள். அது காய்ந்ததும் சிவப்பு, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. சிவப்பிலோ நீலத்திலோ மை கூடிப்போனால் பேப்பர் அடுக்குகிற பெண்களுக்கே தெரிந்துவிடும். மஞ்சள்தான் கள்ளத்தனம் பண்ணும். வெள்ளைத் தாளில் வெறும் மஞ்சள் மட்டும் விழுந்து வரும்போது அது கூடுதலா குறைவா என்று சொல்லத் தனிக் கண் வேண்டும். தப்பாகிவிட்டால், கறுப்பும் ஏறி முழுப்படமாக வெளியே வருகிறபோதுதான் குட்டு உடையும். அதற்குள் ஆர்டர் முழுக்க ஓடி முடிந்திருக்கும்.

திருத்தங்கலில் நல்லசிவத்தின் அச்சகத்தில் மஞ்சள் ஓட்டுகிற வேலை வெகுகாலமாக ஊர்க்காவலன் கையில் இருந்தது. ஆனைக்குட்டத்தில் அடுத்தவர் காட்டில் களையெடுத்த குடும்பம் அவருடையது. மழை பொய்த்த ஒரு வருசம், சொந்தக்காரர் ஒருவர் பின்னால் பஸ் ஏறி வந்து, கழிவுத்தாள் அள்ளுகிற ஆளாக அச்சகத்துக்குள் நுழைந்தவர். தாள் அள்ளியவர் தாள் அடுக்கினார், பிறகு ரோலர் கழுவினார், பிறகு மெஷினில் நின்றார். ஐம்பதைத் தாண்டிய இந்த 2007இல் அவருடைய கைரேகை இடுக்குகளில் எந்தச் சோப்புக்கும் போகாத மை இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தக் கையைப் பார்த்தே, "மெஷின்மேனா?" என்று கேட்பார்கள். "ஆமா" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

சித்திரைக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. கம்பி மத்தாப்பு லேபிள் ஒன்று. கையில் மத்தாப்போடு சிரிக்கிற குழந்தைப் படம். ஓட்டி முடித்துப் பார்த்தால் குழந்தையின் முகம் எலுமிச்சம்பழம் போல இருந்தது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பிள்ளைக்குக் காமாலையா? கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துட்டு மத்தாப்பக் கையில குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து ஒரு பூச்சட்டி லேபிள். சிவப்பு வரவேண்டிய இடமெல்லாம் ஆரஞ்சு. மூன்றாவதும் அப்படியே வந்தபோது நல்லசிவம் அவரை அறைக்குள் கூப்பிட்டார். அது சனிக்கிழமை சாயங்காலம்.

"ஊர்க்காவலு, தப்பா எடுத்துக்காதீக. கொஞ்ச நாளைக்கு சுந்தரபாண்டி மஞ்சள் ஓட்டட்டும். நீங்க கட்டிங் பக்கம் நின்னு பாத்துக்கங்க."

சுந்தரபாண்டி பக்கத்து மெஷினில் நிற்பவன். ஊர்க்காவலனைவிடப் பதினைந்து வயது இளையவன்.

"மை சரியில்ல அண்ணாச்சி. புது மை எறக்குனதுல இருந்துதான் இந்தச் சீரழிவு."

"அதே மைதான அவன் மெஷின்லயும் ஓடுது?"

நல்லசிவமும் கெட்ட மனிதர் இல்லை. "திங்கக்கிழமை காலையில பேசிக்கிடுவோம்," என்று விட்டுவிட்டார்.

கட்டிங் பக்கம் என்பது தாளை நறுக்குகிற மேஜை. மெஷினில் நிற்க முடியாதவர்கள் போய் நிற்கிற இடம். அங்கே போனவர் எவரும் திரும்பி மெஷினுக்கு வந்ததை ஊர்க்காவலன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து மகள் குரல் கேட்டது.

"அம்மா, பிரிண்டர் கோளாறு. கலரே வரமாட்டேங்குது. எல்லாம் கறுப்பு வெள்ளையாவே வருது."

"வெள்ளையில கறுப்பாவது ஒழுங்கா வருதா? ஒங்கப்பா ஆபீசுல அதுவுமில்லையாம்," என்றாள் குருவம்மாள். தீப்பெட்டி ஆபீசில் ஆறு நாளும் குச்சி அடுக்குகிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வாய்க்கு ஓய்வு கிடையாது.

மகள் இசைவாணி முன்பு சிவகாசியில் ஒரு டிசைன் சென்டரில் வேலை பார்த்தாள். இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து, சின்னச் சின்னப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் வரைந்து கொடுக்கிறாள். வரைந்ததைப் பார்ட்டிக்குக் காட்ட வேண்டுமென்றால் கலரில் ஒரு தாள் எடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பிரிண்டர். விஸ்வநத்தத்தில் புருசன் போன பிறகு கம்பெனியைத் தானே நடத்துகிற ஆவுடைத்தாய் அம்மாளுக்கு சங்குசக்கர லேபிள் ஒன்று வரைந்திருந்தாள். சாயங்காலம் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள்.

ஊர்க்காவலன் வாயைக் கொப்பளித்துவிட்டு வேகமாக உள்ளே வந்தார். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து கல்லாகக் கிடந்த மனதுக்கு ஒரு மெஷின் கோளாறு என்றதும் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது.

"தள்ளு தாயி. ரோலரைக் கழுவுனியா?"

"இதுல மை ரோலர் கிடையாதுப்பா."

"மை ரோலர் இல்லாம மை எப்படித் தாள்ல ஒட்டும்?"

"தெளிக்கும். இந்தா, இந்த மை டப்பா அடியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. அது வழியாத் தெளிச்சுக்கிட்டே போகும்."

"வாசல் தெளிக்கிற மாதிரியா?" என்று அடுப்படியிலிருந்து குருவம்மாள் கேட்டாள். "அப்ப ஒங்கப்பாவுக்கு ஆகாது. அவருக்கு அந்த வேலை தெரியாது."

கலர் மை டப்பாவைக் கழற்றி மாட்டினார்கள். ஊசி வைத்து, மேலே இருந்த மூன்று ஓட்டையிலும் மை ஏற்றினார்கள். இசைவாணியின் விரல்கள் ஹோலிப் பண்டிகை கொண்டாடிய மாதிரி ஆயின. தாளைத் திருப்பி வைத்தார்கள், மெஷினை அணைத்துப் போட்டார்கள், வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். ஒவ்வொரு தடவையும் சங்குசக்கரம் சாம்பல் நிறத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அவள் பஸ் ஸ்டாப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செழியனுக்குப் போன் பண்ணினாள்.

"அக்கா, பிரிண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி செட்டிங்க்ஸ்ல போங்க. கிரேஸ்கேல்னு கறுப்பு வெள்ளைக்கு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் கெடக்கா?"

கிடந்தது. போன வாரம் அம்மாவின் மகளிர் குழுவுக்கு நோட்டீஸ் எடுத்துக் கொடுத்தபோது, கலர் மை வீணாக வேண்டாமென்று அவளே போட்ட டிக்.

"அம்புட்டுத்தானா?" என்று கரண்டியோடு வந்து நின்றாள் குருவம்மாள். "இதுக்கா அப்பனும் மகளும் அதைக் கோழி உரிச்ச மாதிரி உரிச்சுப் போட்டீக?"

இசைவாணி சிரித்துக்கொண்டே டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். கர்ரென்று தாள் வந்தது. சிவப்புத் தரையில் மஞ்சள் தீ வளையம் போட்டுச் சங்குசக்கரம் சுற்றியது. வீட்டில் எல்லோருக்கும் ஒரு சந்தோசம்.

ஊர்க்காவலன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"மஞ்சள் விழலையே."

"விழுந்திருக்கேப்பா."

"இல்ல தாயி. தீ வளையம் வெளுத்துப்போயி நிக்குது. மஞ்சள் அடைச்சிருக்கு."

இசைவாணி எழுந்து வந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கு மஞ்சள் இருந்தது. ஆனால் நிற விசயத்தில் அப்பா இல்லை என்று சொன்ன ஒன்று இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. இவள் வரைகிற லேபிள்களில் பச்சை கொஞ்சம் கறுத்திருக்கிறது, சிவப்பு கொஞ்சம் அழுகியிருக்கிறது என்று அவர் சொல்லி, இவள் மாற்றி, பார்ட்டி அதுவே பிடித்திருக்கிறது என்று சொன்னது பல தடவை நடந்திருக்கிறது. ஒருவேளை விடிந்ததிலிருந்து கம்ப்யூட்டரையே பார்த்து நம் கண்தான் கூசிப்போய்விட்டதோ என்று நினைத்துக்கொண்டாள்.

பிரிண்டரைச் சோதிப்பதற்கென்றே ஒரு தாள் உண்டு. அதை அடித்தால் நாலு கலரும் தனித்தனிப் பட்டையாக விழும். அதை அடித்து அவரிடம் கொடுத்தாள்.

"மூணு பட்டைதான் இருக்கு," என்றார்.

"நாலு இருக்குப்பா."

"நாலாவது எங்கன?"

"இந்தா," என்று விரலை வைத்தாள்.

மகளுடைய விரல் வெறும் வெள்ளைத் தாளில் இருந்தது. ஊர்க்காவலனுக்குக் கோபம் வந்தது. "இல்லாத எடத்துல விரலை வச்சா கலர் வந்துருமா? கொஞ்சூண்டு லேசா விழுறதெல்லாம் விழுறதுல சேராது."

"அந்த மனுசனுக்கு இப்ப எதுவும் சரியா விழாது," என்று குருவம்மாள் எடுத்துக்கொடுத்தாள். "வேட்டி பழுப்பாவே இருக்கு, நீலம் போடு நீலம் போடுன்னு நாலு மாசமா உசுரை எடுக்காரு. போட்டுப் போட்டு இப்ப வேட்டியக் கொடியில காயப்போட்டா, யாரு வீட்டுப் பள்ளிக்கூட யூனிபாரம்னு கேக்காக."

இசைவாணி மறுபடி செழியனுக்குப் போன் போட்டாள். மஞ்சள் மட்டும் அடைத்திருக்கலாம், கடைக்கு வந்தால் வேறு மை தருகிறேன், அடைப்பை எடுக்க வழி சொல்கிறேன் என்றான். அவள் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அடைப்பு என்ற சொல் ஊர்க்காவலன் காதில் விழுந்ததோடு சரி. அதற்குமேல் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மை அடைத்தால் மண்ணெண்ணெய். அச்சகத்தில் ரோலர் கழுவ மண்ணெண்ணெய், படத்தைத் தாளில் ஒற்றுகிற ரப்பர் பிளாங்கெட்டைத் துடைக்க மண்ணெண்ணெய், சாப்பாட்டு மணி அடித்தால் கை கழுவ மண்ணெண்ணெய். அத்தனை வருசத்தில் அவர் தொட்ட மை எதுவும் மண்ணெண்ணெய்க்குக் கரையாமல் இருந்ததில்லை. அடுப்படி மூலையில் ரேஷன் மண்ணெண்ணெய் கேன் இருந்தது. பழைய பனியன் துணியில் தொட்டு, கலர் டப்பாவின் அடியிலிருந்த செப்புத் தகட்டைப் பிள்ளைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்தார். துணியில் நிறம் சரியாக ஒட்டி வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றி, அழுத்தித் தேய்த்தார்.

இசைவாணி திரும்பி வந்தபோது வாசலிலேயே வாடை அடித்தது.

"அப்பா... என்ன பண்ணீக?"

"கழுவியிருக்கேன். இப்பப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். கறுப்பு மட்டும் வந்தது. சிவப்பும் நீலமும் இருக்க வேண்டிய இடத்தில், ஈரக்கையால் இழுத்த மாதிரி ஒரு தீற்றல். அடுத்த தாளில் அதுவும் இல்லை.

"இது தண்ணி மைப்பா. மண்ணெண்ணெய் படவே கூடாது."

"மையில என்ன தாயி தண்ணி மை?"

அவள் மை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குருவம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "காலையில எந்த எடத்துல நின்னோமோ அங்கனயே வந்து நிக்கோம். வாசனை மட்டும் கூடுதல்," என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்காததால் அவளும் உள்ளே போய்விட்டாள்.

மகள் கத்தியிருந்தால் ஊர்க்காவலனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நானா கெடுத்தேன்?" என்று அவரே ஆரம்பித்தார். "முன்னாடியும் மஞ்சள் வரலை. வராததுதான் இப்பவும் வரலை."

"வந்துச்சுப்பா."

"வரலைங்கிறேன்."

"வந்துச்சு."

இசைவாணி அவரை எதிர்த்து இப்படி ஒற்றைச் சொல்லில் நின்றது அதுவே முதல் தடவை. அவர் சுற்றிலும் பார்த்தார். மெஷின் பழகுகிறவர்களுக்கு மஞ்சளைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பட்டாசுப் பெட்டிக்குச் சுற்றுகிற நீலக் கண்ணாடித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தாளைப் பார்ப்பார்கள். நீலத்தின் வழியே பார்த்தால் மஞ்சள் கறுப்பாகத் தெரியும். மஞ்சள் விழாத இடம் வெறுமையாகக் கிடக்கும். ஊர்க்காவலன் அதைத் தொட்டுப் பல வருசம் ஆயிற்று. "அது கண்ணு பழகாதவனுக்கு," என்று சுந்தரபாண்டியை எத்தனையோ தடவை கேலி பண்ணியிருக்கிறார். மகளுக்குக் கண் பழகவில்லை. அவளுக்குக் காட்ட அதுதான் சரியான வழி. அலமாரிமேல் கிடந்த பழைய தீபாவளிப் பெட்டியில் சுற்றியிருந்த நீலத்தாளைக் கிழித்து, சோதனைத் தாளோடு அவளிடம் நீட்டினார்.

"இத வச்சுப் பாரு. நாலாவது பட்டை இருந்தா கறுப்பா நிக்கும். இல்லாட்டி இல்ல. நாம எதுக்குச் சண்டை போடணும்?"

அவள் வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். இரண்டையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே பாருங்கப்பா."

ஊர்க்காவலன் நீலத்தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். பட்டை இருந்தது. ஒரு கோடு கூட விடாமல், ஒரு புள்ளி கூட அடைக்காமல், கறுகறுவென்று நின்றது. நீலத்தாளை விலக்கினார். வெறும் வெள்ளை. மறுபடி பிடித்தார். இருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு சங்குசக்கரத் தாளை எடுத்து அதையும் பார்த்தார். தீ வளையம் கொஞ்சமும் குறைவில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

அச்சகத்தில் வெளிச்சம் மங்கிவிட்டதென்று சண்டை போட்டுப் புது டியூப் லைட் மாட்டச் சொன்னது ஞாபகம் வந்தது. மாட்டிய பிறகும் மங்கலாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் மெஷினிலிருந்து தாளை உருவி எடுத்து, போதவில்லை போதவில்லை என்று மைத்திருகைத் திறந்துவிட்டதும் ஞாபகம் வந்தது. அங்கே அவர் மஞ்சளை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இங்கே அவர் பேச்சைக் கேட்டுக் குருவம்மாள் வேட்டிக்கு நீலத்தை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எப்ப இருந்துப்பா?" என்று இசைவாணி மெதுவாகக் கேட்டாள்.

"தெரியலையே தாயி."

"புரையா இருக்கும். எங்க டிசைன் சென்டர் ஓனரம்மாவுக்கும் இப்படித்தான், வெள்ளையெல்லாம் பழுப்பாத் தெரியும், மஞ்சள் தனியாத் தெரியாது. மதுரைக் கண்ணாஸ்பத்திரியில போயி எடுத்தாக. இப்ப நல்லாப் பாக்குறாக."

அவர் தலையை ஆட்டினார். குருவம்மாள் அடுப்படியிலிருந்து, "என்ன, சத்தத்தையே காணோம்? மிஷினு செத்துப்போச்சா?" என்று கேட்டாள். "மை டப்பா போச்சும்மா. வேற வாங்கிக்கிடலாம்," என்றாள் இசைவாணி. அதற்குமேல் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டது அவருக்குப் புரிந்தது. எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் அவரிடமே விட்டுவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் இசைவாணி அந்த முதல் தாளை, அவர் வெளுத்துப்போயிற்று என்று சொன்ன அதே தாளை, ஒரு அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டாள். "இதையவா கொண்டு போற?" என்று அவர் கேட்டார். "இது நல்லாத்தான் இருக்குப்பா," என்றாள். பஸ் பிடித்து விஸ்வநத்தம் போய்விட்டாள்.

அவர் படுத்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை. ஒரு யோசனை வந்துகொண்டே இருந்தது. அந்த நீலத்தாளில் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் போதும். யாருக்கும் தெரியாமல் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். நல்லசிவத்திடம், பழைய மை கொண்டுவாருங்கள், ஓட்டிக் காட்டுகிறேன் என்று சவால் விடலாம். ஓட்டியும் காட்டிவிடலாம். மெஷின் கையைவிட்டுப் போகாது. பிறகு எப்போதாவது, சீசன் முடிந்து, மதுரைக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் போய்விட்டு வரலாம்.

யோசனையில் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. நாலு மாதமாக அவருக்குத் தன் கண்ணிலும் ஓட்டை ஒன்றும் தெரியவில்லையே. இன்றைக்கு மஞ்சள். நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தால்? அதற்கு எந்தக் கண்ணாடித்தாளை வைத்துப் பார்ப்பது? தனக்கு என்ன தெரியவில்லை என்பதே தெரியாத ஒருவன் மெஷினில் நின்றால் இன்னும் எத்தனை குழந்தைகளுக்குக் காமாலை வரும் என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குருவம்மாள் திரும்பிப் பார்த்து, "கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றாள்.

"ஏளா, வேட்டிக்கு இனிமே நீலம் போடாத."

"ஏன், வெளுத்துருச்சா?"

"எனக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கும் போல. மஞ்சள் தெரியலை. வேட்டி நல்லாத்தான் இருந்திருக்கும்."

குருவம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து அவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள், ஏதோ தூசி விழுந்ததைத் தேடுகிற மாதிரி. "நாலு மாசமா என்னைய ஏசுனதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாள். ஆனால் அவள் குரல் வழக்கமான குரலாக இல்லை. "மதுரைக்கு எப்பப் போறோம்?" என்று அதே மூச்சில் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை நல்லசிவம் வருவதற்கு முன்பே ஊர்க்காவலன் மெஷினில் தாள் ஏற்றி, சனிக்கிழமை விட்ட திருகிலேயே மஞ்சளை ஓடவிட்டிருந்தார். வெங்காய வெடி லேபிள், பெரிய ஆர்டர். கொஞ்சம் ஓடியதும் ஒரு தாளை உருவி எடுத்தார். பார்த்தார். வெளுப்பாகத்தான் இருந்தது. கை பழக்கத்தில் மைத்திருகுக்குப் போயிற்று. அதை நிறுத்தி, இடுப்பில் துடைத்துக்கொண்டார்.

"சுந்தரபாண்டி, இங்கன வாலே. மஞ்சள் எப்படி விழுந்திருக்குன்னு பாரு."

சுந்தரபாண்டி வந்து தாளை வாங்கினான். பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "நீங்க வச்சதுண்ணே. நான் என்ன சொல்ல?"

"நான் வச்சதை விடு. நீ பாத்ததைச் சொல்லு."

"நல்லாத்தாண்ணே இருக்கு."

பொய் சொல்கிறான் என்று தெரிந்தது. சனிக்கிழமை அறைக்குள் நடந்த பேச்சு அவன் காதுக்கும் போயிருக்கும். இவர் ஏதோ பொறி வைக்கிறார், கூடுதல் என்று சொன்னால் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று பேர் வரும், குறைவு என்று சொன்னால் கண் பழகாதவன் என்று கேலி வரும் என்று கணக்குப் போட்டு நிற்கிறான்.

"ஏலே, சோதிக்கலைலே. எனக்குத் தெரியலை. அதான் கேக்கேன்."

"என்னண்ணே?"

மெஷின் ஓடுகிற சத்தத்தில் மெல்லச் சொன்னது கேட்கவில்லை. அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு மஞ்சள் தெரியலைலே! கண்ணு தெரியலை!"

தாள் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிங் மேஜையில் பிளேடு இறங்காமல் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த நல்லசிவம் கதவருகிலேயே நின்றுவிட்டார். சொல்லிவிட்ட பிறகு ஊர்க்காவலனுக்கு முகம் சூடாகிக் காதுமடல் வரைக்கும் ஏறியது. ஆனாலும் நின்றார்.

நல்லசிவம் பக்கத்தில் வந்தார். "என்ன ஊர்க்காவலு?"

"மை நல்ல மைதான் அண்ணாச்சி. கண்ணுதான் கெட்டுப்போச்சு. நேத்துத்தான் தெரிஞ்சுது. மதுரைக்குப் போகணும்."

நஷ்டமான மூன்று ஆர்டரும் நல்லசிவத்தின் மனதில் ஓடியிருக்கும். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். "போயிட்டு வாங்க. சரியாச்சுன்னா மெஷினு இங்கனதான் கெடக்கும்."

"சரியாகலைன்னா?"

"அத அப்பப் பேசுவோம்." இல்லாததைச் சொல்லித் தேற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அதுவரைக்கும் கட்டிங் பக்கம் நிக்கேன்," என்றார் ஊர்க்காவலன். "இப்ப இந்த லோடு மட்டும் சரிபண்ணி விட்டுட்டுப் போறேன்."

சுந்தரபாண்டி இன்னும் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே நின்றான். இப்போது அதை நன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"கூடுதல்ணே. ரொம்பக் கூடுதல்."

"எம்புட்டு?"

அவன் தயங்கினான். "காமாலையேதான்."

தாள் அடுக்குகிற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர்க்காவலன் குனிந்து மைத்திருகில் கை வைத்தார். எந்தத் திருகு எந்த இடத்துக்கு மை விடும் என்பதற்கு அவருக்குக் கண் தேவைப்படவில்லை. கொஞ்சம் மூடினார். தாள்கள் ஓடின. சுந்தரபாண்டி ஒன்றை உருவினான்.

"இன்னும்ணே."

இன்னும் கொஞ்சம் மூடினார்.

"இன்னும்."

இவ்வளவு மூடினால் மஞ்சளே இருக்காதே என்று அவர் வாய் வரைக்கும் வந்தது. சுந்தரபாண்டியின் முகத்தைப் பார்த்தார். அவன் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், இவரை அல்ல. ஊர்க்காவலன் இன்னொரு சுற்று மூடினார்.

அவன் அடுத்த தாளை எடுத்தான். அதற்கடுத்ததையும் எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"போதும்ணே," என்றான்.

அவர் திருகிலிருந்து கையை எடுத்தார்.